போயா நாட்களின் ஈயம்

அப்பா இறந்து இரண்டாவது வருடத்தில், மாதத்துக்கு ஒரு நாள் அவர் கொட்டாஞ்சேனையில் இன்னும் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது. கண்ணால் காணவில்லை. ஆய்வுகூடத்தில், கணினித் திரையில், ஈயம் என்று தலைப்பிட்ட ஒரு நிரலில் கண்டேன்.

அப்போது நான், கொழும்புக் காற்றில் மிதக்கும் தூசு எங்கிருந்து வருகிறது என்று தேடும் ஒரு சிறிய குழுவில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்குக் கூடச் சொல்லியிருக்கிறேன்.

வேலையை விளக்குவது கடினமில்லை. காற்றை உறிஞ்சும் ஒரு பெட்டி. அதற்குள் உள்ளங்கையை விடச் சிறிய, வட்டமான வெள்ளை வடிதாள். காலை எட்டு மணிக்கு வைத்தால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு எடுப்போம். வெள்ளையாகப் போனது சாம்பல் நிறமாக வரும். அதை நிறுத்துப் பார்த்து, எக்ஸ்ரே கருவிக்குள் வைத்தால் எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அதற்குப் பிறகுதான் தேடல். சோடியமும் குளோரினும் சேர்ந்து வந்தால் கடல். சிலிக்கனும் இரும்பும் வீதிப் புழுதி. பொட்டாசியம் ஏறினால் யாரோ விறகோ குப்பையோ எரிக்கிறார்கள். கரி மட்டும் தடித்திருந்தால் டீசல் பஸ்கள். தூசு தனியாக வராது, கூட்டாளியோடு வரும். யாரோடு வருகிறது என்று பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு இடங்களில் பெட்டி வைத்திருந்தோம். ஒன்று வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில். அங்கே தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தாளை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்று எங்கள் குழுத் தலைவர் பகிடி விடுவார். மற்றது கொட்டாஞ்சேனையில், ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் மொட்டை மாடியில். அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தது நான். சுவாமியைத் தெரியும், காவல்காரரைத் தெரியும், ஏணி எங்கே சாத்தியிருக்கும் என்றும் தெரியும். பிறந்து வளர்ந்த இடம். மாடியின் வடக்குச் சுவரில் சாய்ந்து பார்த்தால் எங்கள் ஒழுங்கையின் தகரக் கூரைகள் தெரியும். நான் அந்தச் சுவருக்குப் போவதில்லை.

வேலை கிடைத்ததும் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டிக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். பிறகு கொட்டாஞ்சேனையிலும் ஒரு பெட்டி வைத்தபோது அதை வீட்டில் சொல்லவில்லை.

பெற்றோலில் ஈயம் கலப்பதை நாட்டில் நிறுத்திவிட்ட பிறகு, மாதா மாதம் எங்கள் தாள்களில் ஈயம் குறைந்துகொண்டு வந்தது. அதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். வெள்ளவத்தையில் இறங்கியது, கொட்டாஞ்சேனையிலும் இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் குழுத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் நுகேகொடையிலிருந்து பஸ்ஸில் வருகிற, மெல்லப் பேசுகிற ஒரு சிங்கள மனிதர். நாங்கள் எல்லோரும் சேர் என்போம். பௌர்ணமிதோறும் பௌத்தர்களுக்காக நாடே லீவு விடும் போயா நாளில் கடைகள் பூட்டு, அரச கந்தோர்கள் பூட்டு, துறைமுகத்து லொறிகளும் பாதிதான் ஓடும். ஆகவே எல்லாப் போயாவுக்கும் தாள் வைப்போம், நகரம் சும்மா இருக்கும்போது காற்றில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும் என்றார். அந்த நாட்களுக்கு ஆய்வுகூடத்தில் வெறும் நாள் என்று பெயர் வைத்தோம்.

வெள்ளவத்தையில் வெறும் நாள் வெறுமையாகத்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் எல்லாம் குறைந்து, ஈயம் மட்டும் எழுந்து நின்றது. பெற்றோல் ஈயம் என்றால் கூடவே புரோமின் வரவேண்டும். புரோமின் இல்லை. அந்திமனி வந்திருந்தது. கார் பற்றரித் தகடுகள் வளையாமல் இருப்பதற்காக ஈயத்தோடு சேர்க்கிற உலோகம் அது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில், "விழாப் புகை, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதினேன். போயா என்றால் விளக்கு, ஊதுபத்தி, வெளிச்சக்கூடு, பந்தல். கொழும்பில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். முதல் இரண்டு போயாக்கள் பெரிய பண்டிகைகளான வெசாக்கும் பொசொனும் என்பதால் சேரும் தலையாட்டினார்.

*

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். போயா அவருக்கு லீவு நாள். அன்றைக்குத்தான் அவருடைய மற்ற வேலை. கிராண்ட்பாஸ் கராஜ்களில் கழித்துப் போட்ட பற்றரிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, பின் முற்றத்தில் கோடாலியால் பிளந்து, அமிலத்தைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றிவிட்டு, தகடுகளை ஓர் இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார். தேங்காய்ச் சிரட்டையும் பலகைத் துண்டும் எரியும். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, செங்கல்லில் குடைந்த குழிகளில் ஊற்றுவார். ஆறியதும் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு. மோதரையில் மீன்பிடிப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். என் சப்பாத்து, என் ரியூசன், என் உயர்தர வகுப்பு விஞ்ஞானப் புத்தகங்கள் எல்லாம் அந்தச் சட்டியிலிருந்து வந்தவை.

எனக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். என்னை வளர்த்தது என்னை விட ஐந்து வயது மூத்த அக்கா. நெருப்புக்குக் காற்று ஊதும் கைச்சக்கரத்தைச் சுற்றுவது அவளுடைய வேலை. நானும் பக்கத்தில் குந்தப் போவேன். அக்கா விடமாட்டாள். புகை மூட்டுது, நீ இருமிக்கொண்டிருப்பாய், கோயில் விறாந்தையில போய்ப் படி என்று கொப்பியைக் கையில் தந்து துரத்திவிடுவாள். போயா நாள் முழுக்க நான் கோயில் விறாந்தையில் இருந்து படித்தேன். வாய்ப்பாடும், நாடுகளின் தலைநகரங்களும், பிறகு இரசாயனமும் அங்கேதான் மனப்பாடமாகின.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வோம். காலையில் சொல்லிக் கொடுத்த எழுத்து மாலையில் அவளிடம் இருக்காது. அடிக்கடி வயிறு பிசைந்துகொண்டு குனிந்தபடி கிடப்பாள். முகம் வெளிறிப் போயிருக்கும். கண்ணூறு என்று சிலர் சொன்னார்கள். அப்பா அவளைக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நடத்திக் கூட்டிப் போனார். கடைசிச் செவ்வாய் முடிந்து வந்து, ஐந்தாம் வகுப்போடு அவளை நிற்பாட்டினார். அவளுக்கு அழுகை வரவில்லை என்பது எனக்கு ஞாபகம். இனி முழு நாளும் வீட்டில் நிற்கலாம், உனக்குப் பின்னேரம் சுடச்சுடச் சாப்பாடு இருக்கும் என்றாள்.

எனக்குச் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த கிழமை அப்பா மிஞ்சிய ஈயத்தில் எனக்காக ஒரு மீன் வார்த்தார். செங்கல்லில் அவரே ஆணியால் கீறி அச்சுச் செய்திருந்தார். செதில் கூட இருந்தது. அக்கா அதன் ஓரங்களை மடியில் வைத்துக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கித் தந்தாள். அந்த மீன் பல்கலைக்கழக விடுதிக்கு என்னோடு வந்தது. பிறகு ஆய்வுகூடத்து மேசையில், காற்றாடிக்குக் காகிதம் பறக்காமல் இருக்கப் பாரமாக இருந்தது.

வேலைக்குப் போகத் தொடங்கியதும் நான் அப்பாவிடம் இனி உருக்க வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து போனாலே அந்த மணம் என் உடுப்பில் பிடிக்கிறது, பஸ்ஸில் ஆட்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றேன். அப்பா சரியென்றார். நிறுத்தவில்லை. இருமல் அவரைக் கட்டிலில் போட்ட பிறகுதான் சட்டி ஆறியது. அவரை மாதம்பிட்டியில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பின் முற்றத்தில் அது கவிழ்ந்து கிடந்ததைக் கண்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆகவே போயா நாட்களில் அந்த இலக்கம் ஏறும்போதெல்லாம் அது அப்பாவின் சட்டி என்றே எனக்குப் பட்டது. ஒரு காலை, கொட்டாஞ்சேனை மாடியில் தாளை மாற்றும்போது, உறிஞ்சும் மோட்டாரின் இரைச்சலுக்குள் கைச்சக்கரத்தின் க்ரீச் கேட்டது. பெட்டியை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன். காகங்கள், துறைமுகத்துச் சங்கு, வேறொன்றுமில்லை. மறுபடி போட்டதும் மறுபடி கேட்டது. வடக்குச் சுவரைப் பார்க்காமல் ஏணியில் இறங்கி, வந்த முதல் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, தாளை வைத்திருந்த சிமிழைத் திறந்து பார்த்தேன். அந்த மெல்லிய சாம்பல் படலத்தில் அவர் இருக்கிறார் என்று தோன்றியது. எங்கள் சுவாமி திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவது அந்த நிறம்தான்.

படித்த பெண் இப்படி நினைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லவில்லை.

*

நிக்கினிப் போயாத் தாளின் முடிவு வந்தபோது சேர் என் மேசைக்கு வந்து நின்றார். அந்த மாதம்தான் நிரலில் எல்லாவற்றிலும் உயரம். நான் பழையபடி விழாப் புகை என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, வெசாக் முடிந்து மூன்று மாதம், நிக்கினிக்குக் கொட்டாஞ்சேனையில் யார் மிஸ் பந்தல் கட்டியது, நீங்களா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே, கைக்கு வேலையில்லாதவர்கள் செய்வது போல, காகிதங்களின் மேலிருந்த மீனை எடுத்து உருட்டினார். பாரத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார். ஈயமா என்றார். ஓம் என்றேன். கருவியின் ஈயக் கோட்டைச் சரிபார்க்க ஏதாவது வேண்டியிருந்தது, சும்மா இதை வைத்துப் பார்ப்போம் என்று அவரே கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் என்னிடம் இல்லை. திரையில் கோடுகள் எழுந்தன. ஈயம். அதன் காலடியில் அந்திமனி. சேர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு போயாத் தாள்களின் கோடுகளைப் பக்கத்தில் போட்டார். இரண்டு உலோகமும் மீனில் எந்த அளவில் கலந்திருந்தனவோ ஏறக்குறைய அதே அளவில் தாளிலும் இருந்தன.

இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

புறக்கோட்டையில், நடைபாதையில் என்றேன்.

அவர் மீனைத் துடைத்து என் மேசையில் வைத்தார். இது விழா இல்லை மிஸ், யாரோ பற்றரி உருக்குகிறார்கள், பெட்டிக்கு மிகக் கிட்ட, அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாவம் என்றார். அவர் போன பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு மகள். கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது அவள் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். எங்கட குடும்பத்தில தங்கச்சி ஒருத்திக்குத்தானே வாய் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

*

அடுத்த மாதம் பினரப் போயா. காலை எட்டு மணிக்குத் தாளை வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். செபம் ஒன்றும் வரவில்லை. பதினொரு மணியளவில் எழுந்து எங்கள் ஒழுங்கைக்கு நடந்தேன்.

கானைத் தாண்டும் முன்பே மணம் வந்துவிட்டது. நாணயத்தை நாக்கில் வைத்தால் வருகிற ருசி, மூக்கில். கதவு சாத்தியிருக்கவில்லை. வீட்டுக்குள்ளே நடந்து பின் வாசலுக்குப் போனபோது அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அதே நீலக் கோட்டுச் சட்டை, அதே வலது தோள்பட்டைக் கிழிசல். கைச்சக்கரம் க்ரீச்சிட்டது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அது அக்கா. அப்பாவின் சட்டையைப் போட்டு, மூக்கைத் துவாயால் கட்டியிருந்தாள். சற்றுத் தள்ளி, உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே மகள் இருந்து ஈயக் குண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் வாய்க்குள் இருந்தது.

"பெரிய மிஸ்ஸுக்கு இண்டைக்கு வழி தெரிஞ்சிருக்கு," என்றாள் அக்கா, சக்கரத்தை விடாமல்.

நான் பிள்ளையின் வாயிலிருந்து குண்டை எடுத்தேன். அணைக்கச் சொன்னேன். பாதியில் விட்டால் சட்டியோடு இறுகிவிடும், ஊற்றிவிட்டு அணைக்கிறேன் என்றாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது என் தொழில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் வாசலில், புகை வராத பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே கரண்டி சட்டியில் தட்டுப்படுவது கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு துளி சிந்தாமல் ஊற்றுகிற சத்தம் அது. அப்பா அப்படித்தான் ஊற்றுவார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதெல்லாம் எளிய விஷயம். அவள் கணவர், எங்கள் அத்தான், குவைத்துக்குப் போன முதல் வருடம் கடிதம் போட்டார், பிறகு அதுவும் இல்லை. அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மோதரை ஆட்கள் வந்து குண்டு கேட்டார்கள். கராஜ்காரரும் பழக்கத்தில் போயாவுக்கு முதல்நாளே சாக்கை வாசலில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு வேற என்ன தெரியும் தங்கச்சி, கைக்குத் தெரிஞ்ச வேலை என்றாள். உனக்கு மணம் பிடிக்காதெண்டுதான் சொல்லயில்ல என்றும் சொன்னாள்.

நான் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அந்த மண்டபத்து மாடியில் ஒரு வருடத்துக்கு மேலாகப் பெட்டி இருப்பதையும், மாதா மாதம் இந்த நெருப்பு அதில் விழுவதையும்.

அவள் துவாயால் கழுத்தைத் துடைத்தாள். "எங்கட வீடு காத்தில தெரியுதா?"

"ஓம்."

"அப்ப அப்பாவும் தெரியிறாரா?"

அவர் இருந்த காலத்தில் பெட்டி இருக்கவில்லை என்றேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு நான் ஈயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளையின் முடியைத் தடவிக்கொண்டு, பிள்ளைக்காக மட்டும் சொல்வது போலத்தான் சொன்னேன். அது புகையிலும் தூசியிலும் போகும், கையிலிருந்து வாய்க்கும் போகும். சிறுபிள்ளைகளின் உடம்பு அதைப் பெரியவர்களை விடக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். இரத்தம் வெளிறும். வயிறு பிசையும். பேச்சுப் பிந்தும். மூளையைப் பிடிக்கும், படிச்சது நிற்காது.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டியிருப்பதைப் பற்றி ஒழுங்கையில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"எழுத்து நிக்காதா?" என்றாள்.

"நிக்காமலும் போகும்."

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நகக் கண்களில் சாம்பல் இருந்தது.

"அப்ப நான் மக்கில்லையா?"

நான் பட்டம் பெற்றவள். மேடையில் ஏறி ஆட்களுக்கு முன் இரண்டு மொழியில் பேசியிருக்கிறேன்.  அவள் கேட்டதற்கு, மக்கில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். எவ்வளவு ஈயத்தால், எவ்வளவு வேறு எதனால் என்று என் தொழிலில் பிரித்துச் சொல்வோம். அக்காவுக்கு அப்படிப் பிரித்துச் சொல்ல எந்தத் தாளும் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஒருத்தியை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றவளைக் கோயில் விறாந்தைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது அக்காவே. நான் என் மூளை என்று எண்ணிப் பெருமைப்பட்டதில் எவ்வளவு அந்த விறாந்தையின் காற்று?

அவள் இன்னொன்று கேட்டாள். குரல் உயரவில்லை.

"இத நீ எப்ப படிச்சனீ?"

உயர்தரத்தில் என்றேன்.

எனக்குப் பதினெட்டு வயதில். அந்த வயதில் நான் வினாத்தாளில் ஈயத்தின் தீங்குகளை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். புத்தகத்து ஈயம் பரீட்சைக்கு. எங்கள் முற்றத்து ஈயம் எங்கள் சாப்பாடு. இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பத்து வருடமும் ஒரு எக்ஸ்ரே கருவியும் தேவைப்பட்டன. அப்பாவிடம் நிறுத்தச் சொன்ன அன்றுகூட உடுப்பு மணக்கிறது என்றுதான் சொன்னேன்.

அக்கா விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். என் உயர்தரத்திலிருந்து அவள் கலியாணத்துக்கு, அங்கிருந்து பிள்ளைக்கு.

"அப்பவே சொல்லியிருக்கலாமே தங்கச்சி," என்றாள்.

அவ்வளவுதான்.  ஏசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து பின்னால் போய், ஆறிய குண்டுகளைச் செங்கல்லிலிருந்து தட்டி எடுத்து, மோதரை ஆட்களுக்குச் சாக்கில் கட்டி வைத்தாள். சொல்லி வைத்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்றாள். பிறகு சட்டியைக் கவிழ்த்தாள்.

அன்று பின்னேரமே இருவரையும் வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அக்கா யன்னல் ஓரத்தில் இருந்தாள். அவளுடைய உடுப்பில் அந்த மணம் இருந்தது. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். நான் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

*

ஆஸ்பத்திரியில் தாய்க்கும் மகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டொக்டர் முதலில் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டார். அந்த வீட்டை விட்டுக் கொண்டுவந்துவிட்டோம் என்றதும் பேனையை வைத்தார். பிள்ளைக்கு மருந்து தந்தார், இரும்புச்சத்து, பால், கீரை சொன்னார். இரத்தத்தில் இருப்பது மெல்லக் குறையும், பேச்சு வருமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அக்காவுக்கு அது எலும்பில் போய் இருந்துவிட்டது. எலும்பில் இருப்பது பல வருடங்களுக்கு அங்கேயே இருக்கும், வயது போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, அப்பா வார்த்தது இன்னும் உள்ளே இருக்குது என்ன என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். சோகமாகவும் இல்லை, பகிடியாகவும் இல்லை. அந்தச் சட்டையை அவள் இன்னும் எறியவில்லை. நான்தான் மூன்று தடவை தோய்த்து, பையில் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என் இரத்தத்தையும் கொடுக்கச் சொன்னார்கள். இன்னும் கொடுக்கவில்லை. அதிகமாக இருந்தால் பயம். குறைவாக இருந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அதைவிடப் பயம்.

அடுத்த திங்கள் சேரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். புறக்கோட்டையில் வாங்கவில்லை, என் அப்பா செய்தது, அது என் வீடு, விழாப் புகை என்று எழுதியது தெரியாமல் இல்லை என்று. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். சொன்னேன். அறிக்கையில் ஒழுங்கையின் பெயர் வேண்டாம் மிஸ், ஆனால் இலக்கம் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்றார். நான் எழுதியதை நானே ஒவ்வொன்றாக வெட்டி, வரிசைகளைத் திரும்பக் கணக்கில் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கொட்டாஞ்சேனைக் காற்றின் மூலங்களில் கடல், புழுதி, வாகனம், விறகுப் புகை என்பவற்றுக்குக் கீழே, வீட்டு முற்றத்தில் பற்றரி உருக்குதல் என்று ஒரு வரி சேர்ந்தது. மீனைச் சிமிழில் அடைத்து மாதிரிகள் வைக்கும் அலுமாரியில் வைத்தோம்.

அதற்கடுத்த வப் போயாவுக்கு வழமை போலத் தாள் வைத்தேன். அன்று முதல் தடவையாக வடக்குச் சுவருக்குப் போய் நின்றேன். தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. எங்கள் கூரைக்கு மேல் ஒன்றுமில்லை. மோட்டாரின் இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டேன். மோட்டார் மட்டும்தான்.

முடிவு வந்த பின்னேரம் அறைக்குத் திரும்பியபோது அக்கா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலி வீதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மகள் நிலத்தில் இருந்து வெறும் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் பேச்சில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், சில வேளை எதையோ சொல்ல வருவது போல வாயைத் திறக்கிறாள்.

"இந்தப் போயா என்ன காட்டிச்சு?" என்று அக்கா கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். வெள்ளவத்தை அளவுக்கு இறங்கிவிட்டது, வெறும் நாள் என்றேன்.

அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆவி பட்டுவிட்டது என்றாள். அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருக்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. வெசாக் தொடங்கி மாதம் ஒரு நாள் காற்றில் எனக்குத் தெரிந்துகொண்டிருந்த அப்பாவை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அணைத்தோம். பிள்ளை ஒரு தட்டை எடுத்து வாயில் வைத்தாள். அக்கா குனிந்து, பழக்கமில்லாத அவசரத்தோடு அதை வாங்கி, பிறகு அது வெறும் பிரம்புத் தட்டு என்று ஞாபகம் வந்து, திரும்ப அவளிடமே கொடுத்தாள்.